ரீல்ஃபுட் ஏரிக்கு ஒரு கழி

கிராப்பி மீனின் வாயைப் பார்த்துவிட்டுத்தான் அதற்குத் தூண்டில் கழி வாங்க வேண்டும். மேலுதட்டை ஒட்டியிருக்கும் சவ்வு அத்தனை மெல்லியது. மீனைத் தூக்கிப் பிடித்தால் வெயில் அதன் வழியே ஊடுருவித் தெரியும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதற்குக் காகிதவாயன் என்று பட்டப்பெயரே உண்டு. முள் அந்தச் சவ்வில் பாய்ந்தபின் விறைப்பான கழியால் வெடுக்கென்று இழுத்தால் துளை கிழிந்து பெரிதாகும், மீன் நழுவிவிடும். நுனி வளைந்துகொடுத்து, துள்ளலைத் தானே வாங்கிக்கொள்கிற கழிதான் இதற்குச் சரி. அப்படியொரு கழிக்கு ஏராளமாகச் செலவழிக்கத் தேவையில்லை. இதை நான் கண்கூடாகப் பார்த்தது மெம்ஃபிஸ் நகரிலிருந்து ரீல்ஃபுட் ஏரிக்குப் போன ஏப்ரல் மாதப் பயணத்தில்.

என் தங்கை மகன் மெம்ஃபிஸில் மேற்படிப்புப் படிக்கிறான். பகுதிநேர வேலையில் வருவது வாடகைக்கும் மளிகைக்கும் போக, கையில் கொஞ்சம்தான் மிஞ்சும். கூடப் படிக்கும் உள்ளூர்ப் பையன்கள் வசந்தம் வந்தால் கிராப்பி பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இவனுக்கும் ஆசை வந்துவிட்டது. நகரத்துப் பெரிய கடை ஒன்றில் நுழைந்து மலைத்துப்போய்த் திரும்பியிருந்தான். "மாமா, அங்க எதைத் தொட்டாலும் நூறு, நூத்தம்பதுன்னு போட்டிருக்கு. எனக்கு கழி, நரம்பு, முள் எல்லாம் சேர்த்தே அம்பது டாலர்தான் தாங்கும்" என்றான். அந்தக் கடைகளில் கண்ணில் படும்படி வைத்திருப்பவை பெரும்பாலும் பாஸ் மீனுக்கானவை. தூரம் வீசி எறிவதற்கும், கெட்டித் தாடையில் முள்ளை அறைந்து ஏற்றுவதற்கும் செய்தவை. கிராப்பிக்கு அந்த விறைப்பே எதிரி.

"மாப்ளே, ஏரியைப் பாத்துட்டு ஏரிக்கரைக் கடையிலேயே வாங்குவோம்" என்றேன். தண்ணீரைப் பார்க்காமல் கழி வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காவிரியின் கிளை வாய்க்கால்களில் மூங்கில் கம்பும் மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையுமாக வளர்ந்தவன் நான். வாய்க்காலுக்கு வெட்டிய கம்பு குளத்துக்கு உதவாது என்பது சிறு வயதிலேயே கைக்குத் தெரிந்த விஷயம்.

மெம்ஃபிஸிலிருந்து 51ஆம் எண் நெடுஞ்சாலை வடக்கே போகிறது. கோவிங்டனைத் தாண்டியதும் ஹென்னிங் என்ற சிற்றூர். 'ஏழு தலைமுறைகள்' என்று தமிழில் நாம் படித்த நாவலை எழுதிய அலெக்ஸ் ஹேலி சிறுவயதில் வளர்ந்த வீடு இங்கேதான் இருக்கிறது. அவரைப் புதைத்ததும் அந்த வீட்டு முற்றத்தில்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினோம். டயர்ஸ்பர்க்கில் பிரிந்து 78ஆம் எண் சாலையைப் பிடித்தால் நிலம் முற்றிலும் தட்டையாகிவிடுகிறது. மிசிசிப்பி ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். பருத்தியும் சோயாவும் விளையும் வயல்கள் உழுது கருத்துக் கிடந்தன. ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் வெள்ளத் தடுப்புக் கரை அதை மறைத்துவிடுகிறது. சாலையோரத் தோப்புகளில் டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. டாக்வுட் பூத்தால் கிராப்பி கரைக்கு வரும் என்பது அந்த ஊர்க்காரர்களின் கணக்கு. அது வெறும் நம்பிக்கை இல்லை. தண்ணீரின் வெப்பம் 16, 18 டிகிரி செல்சியஸைத் தொடும்போது மீன் ஆழத்தை விட்டுக் கரையோரம் முட்டையிட வருகிறது. மரம் பூப்பதும் ஏறக்குறைய அந்த வெதுவெதுப்பில்தான்.

டிப்டன்வில் ஊரைத் தாண்டியதும் ஏரி.

1811 டிசம்பரில் தொடங்கி 1812 பிப்ரவரி வரை இந்த வட்டாரத்தைப் பெரும் பூகம்பங்கள் உலுக்கின. ஆற்றின் அக்கரையில், மிசூரிப் பக்கம் இருக்கும் நியூ மேட்ரிட் என்ற ஊரின் பெயரால் அவற்றைச் சொல்கிறார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி வந்தது மிகக் கடுமையானது. மிசிசிப்பி சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓடியதாக அப்போது பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நிலம் அமிழ்ந்தது, ஓடையின் போக்கு அடைபட்டது, ஒரு காடு அப்படியே தண்ணீருக்குள் போனது. அந்தக் காடுதான் இன்றைய ரீல்ஃபுட். டென்னசி மாநிலத்தில் இயற்கையாக உருவான பெரிய ஏரி இது ஒன்றே. மற்ற பெரிய நீர்ப்பரப்புகள் எல்லாம் அணை கட்டித் தேக்கியவை. சராசரி ஆழம் 5 அடியைச் சுற்றித்தான். மாநிலப் பூங்காவில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் நடந்தால் அடிப்பக்கம் பருத்த மரங்கள் தண்ணீரிலேயே நிற்பதையும், அவற்றின் வேர்முட்டுகள் சுற்றிலும் முளைத்திருப்பதையும் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாதவைதான் அதிகம். இரண்டு நூற்றாண்டாக நீருக்கடியில் நிற்கும் அடிமரக் கட்டைகள் ஏரி முழுக்க இருக்கின்றன.

பையன் பாதையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். "இங்க எப்படி மாமா தூண்டில் வீசுறது? வீசினா மாட்டிக்காதா?"

அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது. இங்கே வீசக் கூடாது, இறக்க வேண்டும். கட்டையை ஒட்டி, வேர்களுக்கு இடையே, இரண்டு மூன்று அடி ஆழத்தில் மீன் அசையாமல் நிற்கும். படகோ ஆள் நிழலோ நெருங்கினால் விலகிவிடும். தள்ளி நின்றுகொண்டு இரையை நேர்க்குத்தாக அதன் தலைக்கு மேலே இறக்க நீளமான கழி வேண்டும். மெம்ஃபிஸ் கடையில் அவன் பார்த்த 6 அடி, 7 அடிக் கழிகள் எத்தனை நல்லவையாக இருந்தாலும் இங்கே எட்டாது. பேச்சை முடித்துக்கொண்டு கடைக்குப் போனோம்.

ஏரிச்சாலையில் இரை விற்கும் கடைகள் பல இருக்கின்றன. நாங்கள் நுழைந்த கடையில் சிமெண்ட் தொட்டிகளில் காற்றுக்குழாய் கொப்பளித்துக்கொண்டிருக்க, விரல்நீளத்துக்கும் குறைந்த மின்னோ மீன்கள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஓரமாக ஒரு மரப்பெட்டி நிறையச் சிள்வண்டுகள். அவை வேறு மீனுக்கு. வாசலில் ஒரு பீப்பாயில் மூங்கில் கழிகளைச் செருகி வைத்திருந்தார்கள். உள்சுவரில் மற்றவை. கல்லாவில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. எங்கள் பணக் கணக்கைச் சொன்னதும் அவர் முகம் கோணவில்லை. "அம்பது டாலரா? தாராளமாப் போதும் கண்ணு. மீன்பிடி உரிமத்துக்குத் தனியா வச்சிருக்கல்ல?" என்று மட்டும் கேட்டார். "வச்சிருக்கேன் மேம்" என்றான் இவன்.

முதலில் மூங்கில். தென்மாநிலங்களின் ஆற்றுப்படுகைகளில் அமெரிக்காவுக்கே உரிய மூங்கில் இனம் ஒன்று காடாக வளர்ந்திருந்தது. பழங்குடிகள் அதில் கூடை பின்னினார்கள், வீட்டுக்குச் சுவர் கட்டினார்கள். பிறகு வந்த வாரக் குடியானவர்கள், கறுப்பரும் ஏழை வெள்ளையரும், அதை வெட்டிக் காயவைத்து நுனியில் நரம்பு கட்டி மீன் பிடித்தார்கள். இன்று கடைகளில் விற்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் மூங்கில். அந்தக் கடையில் 10 டாலருக்குள் ஒரு கழி கிடைத்தது. நுனியின் வளைவு அருமை. மெல்லிய வாய்க்கு ஏற்றது. குறை எடைதான். 10 அடி மூங்கிலை அரை நாள் நீட்டிப் பிடிப்பது தோளை வலிக்கவைக்கும் வேலை.

இரண்டாவது, ஃபைபர் கழி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடியிழையில் தூண்டில் கழிகள் பெருகின. ஒன்றுக்குள் ஒன்று இழுத்து நீட்டும் ஃபைபர் கழி 15 டாலருக்கே தொங்கியது. கீழே போட்டாலும் மிதித்தாலும் லேசில் உடையாது. சிறு பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் முழு நீளத்துக்கு நீட்டிப் பார்த்தால் நுனிப்பக்கம் கனக்கிறது. ஈரத்துணியைக் கம்பு நுனியில் கட்டித் தூக்குவது போல மணிக்கட்டைக் கீழே இழுக்கிறது. ஆட்டி நிறுத்தினால் நுனி சட்டென்று நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. தானாக ஆடும் கழி, மீன் தொட்டதைக் கைக்குச் சொல்லாது.

மூன்றாவது, 1970களில் சந்தைக்கு வந்த கிராஃபைட். எடையில் பாதி, உணர்ச்சியில் இரட்டிப்பு என்று சொல்லலாம். விலையில்தான் பெரிய வித்தியாசம். அந்தச் சுவரில் 30 டாலருக்கும் கிராஃபைட் இருந்தது, 200 டாலருக்கும் இருந்தது. இரண்டையும் ஒத்த நீளத்தில் கையில் வாங்கிப் பார்த்தேன். விலை ஏற ஏற எடை குறைகிறது, இழை கெட்டியாகிறது, கழியின் விறைப்பு கூடுகிறது. பாஸ் பிடிக்கிறவனுக்கு அந்த விறைப்பு வரம். காகித வாய்க்கு அதனால் பெரிய லாபமில்லை. கெட்டி இழை உடைவதும் சுலபம். ஆகவே 30 முதல் 60 டாலர் வரைக்கும் கொடுக்கும் பணம் கையில் தெரிகிறது; அதற்கு மேலே கொடுப்பது நாள் முழுக்க, வாரம் முழுக்கப் பிடிக்கிற வழிகாட்டிகளுக்கும் போட்டிக்காரர்களுக்கும் உதவும் பணம். மிசிசிப்பி மாநிலத்தில் வெஸ்ட் பாயின்ட் என்ற சிற்றூரிலிருந்து வரும் பி-அண்ட்-எம் கழிகள் இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும். மூங்கில் கழி விற்று ஆரம்பித்த நிறுவனம் அது. அவர்களுடைய கிராஃபைட் கழிகளைத்தான் அங்கே பலர் கேட்டு வாங்கினார்கள். 1976இல் வந்த அக்லி ஸ்டிக் வகையும் சுவரில் இருந்தது. ஃபைபரையும் கிராஃபைட்டையும் கலந்து செய்வது, முரட்டுக் கைக்கும் தாங்கும்.

நீளத்தில் பையனுக்குக் குழப்பம். 12 அடி, 14 அடி என்று போனால் இன்னும் எட்டுமே என்றான். எட்டும். ஆனால் சைப்ரஸ் கிளைகள் தலைக்கு மேலே தாழ்ந்து நிற்கிற இடத்தில் 14 அடிக் கழியைத் தூக்க வழியிருக்காது. நீளம் ஒரு அடி கூடினாலும் நுனியின் பாரம் கையில் அதைவிடக் கூடுதலாக விழும். முதல் கழி 10 அடி என்பதே என் கட்சி. கடை அம்மாவும் அதையேதான் எடுத்தார். இரண்டு துண்டாகப் பிரித்து, பேருந்திலோ நண்பன் காரிலோ வைத்துக்கொண்டு போகலாம் என்பது மாணவனுக்கு முக்கியம்.

எடுத்துக் கொடுத்தவர் அதோடு விடவில்லை. அந்த அம்மா கழியைச் சோதித்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் இரண்டு துண்டையும் இணைத்து, காதருகே வைத்து ஆட்டினார். இணைப்பில் டக்கென்று சத்தம் வந்தால் அது வேண்டாம் என்றார். பிறகு அடிமுனையில் கண்ணை வைத்து வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தார். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றினார். ஒன்றில் பஞ்சின் இழை மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். அது நாளடைவில் நரம்பை அறுக்கும். அந்தக் கழியை ஓரமாக வைத்துவிட்டு, அதே ரகத்தில் வேறொன்றை எடுத்தார். அதற்கும் முதலிலிருந்து எல்லாம்.

கடைசியில் நரம்பைக் கோத்து, நுனியில் ஒரு ஜிக் கட்டினார். ஈயத்தலையும் மயிர்க்குஞ்சமும் வைத்த சிறு முள் அது. எடை இரண்டு கிராமுக்கும் குறைவு. பையனிடம் கழியைக் கொடுத்து, "கண்ணை மூடு" என்றார். தொங்கும் ஜிக்கை ஒரு விரலால் மெல்லத் தட்டினார்.

"தட்டினது தெரியுதா?"

"தெரியுது மேம்."

அடுத்தது தட்டவில்லை, ஜிக்கை உள்ளங்கையில் வைத்துச் சற்றே மேலே தூக்கினார். அவன் நெற்றியைச் சுருக்கினான். "பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றான்.

"அதுதான் கிராப்பி" என்றார் அவர். இந்த மீனின் கண் தலையின் மேற்பக்கமாக அமைந்திருக்கிறது. தனக்கு மேலே இருப்பதைப் பார்த்து, கீழிருந்து எழும்பி இரையை வாய்க்குள் உறிஞ்சும். பல நேரம் இழுப்பே இருக்காது. பாரம் இல்லாமல் போவதே அடையாளம். தக்கை போட்டிருந்தால் அது முங்காமல் பக்கவாட்டில் சாய்ந்து படுக்கும். அந்தச் சின்ன மாற்றத்தைக் கைக்குச் சொல்கிற கழி 38 டாலருக்கு இருந்தது. அதே சோதனையை 15 டாலர் ஃபைபரில் செய்தபோது தட்டியது தெரிந்தது, தூக்கியது தெரியவில்லை. அந்த 23 டாலர் எதற்கு என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

ரீலில் மிச்சம் பிடித்தோம். இறக்கி ஏற்றும் மீன்பிடிப்புக்கு ரீல் வெறும் நரம்பு சுற்றி வைக்கிற இடம்தான். 6 டாலருக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சக்கரம் போதுமாயிருந்தது. சுவரில் ஸெப்கோ 33 ரீல் அட்டையில் தொங்கியதைப் பார்த்து எனக்கு ஒரு சந்தோஷம். ஓக்லஹோமாவின் டல்ஸா நகரில் எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரம் வைத்து வெடிக்கும் குண்டுகளைச் செய்த ஸீரோ ஹவர் பாம் கம்பெனியின் பெயர்ச்சுருக்கம்தான் ஸெப்கோ. ஆர். டி. ஹல் என்பவர் கொண்டுவந்த மூடிய ரீலை அவர்கள் 1949இல் செய்யத் தொடங்கினார்கள். பொத்தானை அழுத்தினால் நரம்பு போகும், சிக்கு விழாது. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் தாங்களே வீசிப் பிடிக்கக் கற்றுக்கொண்டது அந்த ரீலில்தான். இந்த ஏரிக்கு அது தேவைப்படவில்லை. வேறு தண்ணீருக்கு வாங்கிக்கொள்ளலாம்.

நரம்பு 6 பவுண்டு தாங்குவது. முள், மெல்லிய கம்பியில் செய்த அபர்டீன் ரகம். கட்டையில் மாட்டிக்கொண்டால் கழியால் இழுக்கக் கூடாது. கழியை நேராக நீட்டி, நரம்பைக் கையில் பிடித்து நிதானமாக இழுத்தால் முள்ளே நிமிர்ந்து வெளியே வந்துவிடும். விரலால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். விலை குறைந்த கழி அதிகம் உடைவது இப்படி மாட்டிக்கொண்டதைப் பிடுங்கும்போதுதான், மீனால் அல்ல. எல்லாம் சேர்த்து 50 டாலருக்குள் வந்தது. எனக்காக வாசல் பீப்பாயிலிருந்து ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பூங்கா அலுவலகத்தில் இந்த ஏரியின் வரலாற்றைப் படித்தபோது, ஏழைக் கழியும் இந்தத் தண்ணீரும் எவ்வளவு நெருங்கியவை என்று புரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்ட் டென்னசி லேண்ட் கம்பெனி கரையோர நிலங்களை வாங்கிச் சேர்த்து, ஏரியே தனக்குச் சொந்தம் என்றது. தலைமுறை தலைமுறையாக இங்கே மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. 1908இல் முகமூடி அணிந்து இரவில் குதிரையில் வந்தவர்கள் எதிர்த்தார்கள். அக்டோபர் மாதம் கம்பெனியின் வழக்கறிஞர்கள் இருவரை விடுதியிலிருந்து இழுத்துப் போனார்கள். குவென்டின் ராங்கின் கொல்லப்பட்டார். ராபர்ட் டெய்லர் ஏரிக்குள் குதித்துத் தப்பினார். ஆளுநர் படையை அனுப்பினார். அந்த இரவுக்குதிரைக்காரர்கள் வீடு புகுந்து மனிதர்களைச் சாட்டையால் அடித்தவர்கள், கொன்றவர்கள்; அவர்களை நான் கொண்டாட மாட்டேன். ஆனால் அவர்கள் கிளம்பியதற்கு அடியில் இருந்த வலி உண்மையானது. 1914இல் ஏரி மாநிலத்தின் சொத்தாகிப் பொதுவானது. இன்று உரிமம் எடுத்த எவரும், 10 டாலர் மூங்கிலோடு வந்தாலும் 10,000 டாலர் படகோடு வந்தாலும், ஒரே தண்ணீரில் இறங்கலாம். கழியின் விலை ஆளை வெளியே நிறுத்தக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மறுநாள் விடியும்போது உள்ளூர்ப் பெரியவர் ஒருவருடைய படகில் போனோம். ஸ்டம்ப்ஜம்பர் என்று சொல்லும் இந்த ஏரிக்கே உரிய மரப்படகு. இரண்டு முனையும் கூராக, அடிமரக் கட்டையில் மோதினாலும் வழுக்கி ஏறி இறங்கும்படி செய்வது. போகிற திசையைப் பார்த்தபடியே வலிக்க வசதியாகத் துடுப்பில் கீல் வைத்திருக்கிறார்கள். டிப்டன்வில்லைச் சேர்ந்த கால்ஹூன் குடும்பம் தலைமுறைகளாக இதைக் கட்டியது. அக்குடும்பத்து டேல் கால்ஹூனுக்கு 1998இல் நாட்டின் மரபுக்கலை விருது கிடைத்தது.

பெரியவர் அதிகம் பேசவில்லை. ஒரு மரத்துக்கு முன்னால் துடுப்பை நிறுத்தி, தாடையால் சுட்டிக் காட்டுவார். நான் மின்னோவின் உதட்டில் முள்ளைக் கோத்து, தக்கையை இரண்டடிக்கு வைத்து இறக்கினேன். பையன் ஜிக்கை வேர்முட்டை உரசினாற்போல் இறக்கி அசையாமல் வைத்திருந்தான். முதல் மீன் தொட்டபோது அவன் கை தானாக வெடுக்கென்று மேலே போனது, மீன் இல்லை. "இழுக்காதே. சும்மா தூக்கு" என்றார் பெரியவர். அடுத்த மரத்தில் பாரம் குறைந்ததும் மணிக்கட்டை மட்டும் உயர்த்தினான். கழியின் மேல் மூன்றில் ஒரு பங்கு அரைவட்டமாக வளைந்தது. அடிப்பாகம் அப்படியே நின்றது. மீன் கட்டைக்கடியில் ஓடப் பார்த்தது, நுனி அதோடு போய் அதோடு திரும்பியது. ரீலைத் தொடவே இல்லை. தூக்கியவாக்கில் படகுக்குள் வந்தது.

கறுப்புப் புள்ளி இறைந்த வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் தட்டை. முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணச் சொன்னார் பெரியவர். ஏழோ எட்டோ இருந்தால் கறுப்புக் கிராப்பி. ஆறுக்கு மேல் போகாவிட்டால் வெள்ளை. இது கறுப்பு. ஏறக்குறைய அரைக் கிலோ. வாயை விரித்துப் பார்த்தோம். முள் குத்திய இடத்தில் துளை சிறிதும் பெரிதாகவில்லை. சவ்வின் ஓரம் கிழியாமல் முள்ளின் கம்பியை ஒட்டி நின்றது. உலகச் சாதனை அளவு என்று எடுத்துக்கொண்டால், மிசிசிப்பியின் எனிட் ஏரியில் 1957இல் பிடித்த வெள்ளைக் கிராப்பி 5 பவுண்டு 3 அவுன்ஸ். இதே டென்னசியில் 2018இல் ஒரு குட்டையில் பிடித்த கறுப்பு 5 பவுண்டு 7 அவுன்ஸ். இரண்டரைக் கிலோவைக் கூடத் தொடவில்லை. இந்த இனத்தின் பெரிய மீனே இவ்வளவுதான் என்றால், கழியின் வலிமைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

என் மூங்கிலும் சும்மா இருக்கவில்லை. தக்கை படுக்கும்போதெல்லாம் தூக்கினேன், மீன் வந்தது. ஆனால் வெயில் ஏறியபோது வலது தோள் கெஞ்சத் தொடங்கியது. கழியைத் தொடையில் முட்டுக் கொடுத்துத்தான் பிடித்தேன். பையனோ ஒரு கையில் கழியும் மறு கையில் தண்ணீர் பாட்டிலுமாக இருந்தான். 28 டாலர் கூடுதல், அந்தத் தோளில் தெரிந்தது.

திறந்த நீர்ப்பக்கம் போட்டிப் படகு ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. முன்பக்கம் 16 அடிக் கழிகள் விசிறியாய் விரிந்து நின்றன. சிலந்திக்கால் முறை என்பார்கள். இருக்கைக்கு முன்னால் பெரிய திரை. அண்மை ஆண்டுகளில் வந்த நேரடி சோனார் கருவிகள் நீருக்கடியில் மீன் திரும்புவதைக்கூட அந்த நொடியிலேயே காட்டுகின்றன. அதற்கே சில ஆயிரம் டாலர் ஆகும். அந்தக் கலையில் திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. புதிதாக வருகிற ஒரு பிள்ளை, அது இல்லாமல் கிராப்பியே பிடிக்க முடியாது என்று நினைத்து விலகிப் போவதுதான் எனக்கு வருத்தம். வசந்தத்தில் மீன் இரண்டடித் தண்ணீருக்கு வந்து நிற்கிறது. மரத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும், திரை வேண்டியதில்லை.

மதியம் கரையில், மீனைச் சதை எடுத்துச் சோளமாவில் புரட்டிப் பொரித்துக் கொடுத்தார்கள். கூடவே வெள்ளை அவரையும், சோளமாவு உருண்டையும். வெள்ளைச் சதை, மணம் குறைவு, முள் தொல்லை இல்லை. பையன் படம் எடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினான். மிளகாய்த்தூள் போடாமல் மீன் பொரிப்பார்களா என்று என் தங்கை உடனே கேட்டு எழுதினாள்.

கிளம்பும் முன் பெரியவர் கழியைப் பிரித்து, இணைப்பில் ஒட்டியிருந்த மணலைத் துணியால் துடைத்து, லேசாக மெழுகு தேய்த்துக் காட்டினார். மணலோடு செருகினால் இணைப்பு தேய்ந்து ஆடத் தொடங்கும். இரண்டு துண்டையும் சேர்த்து வெல்க்ரோ பட்டையால் கட்டி, காரின் கதவில் சிக்காதபடி நடுவில் வைக்கச் சொன்னார். கழிகள் காரின் கதவிலும் வீட்டு மின்விசிறியிலும்தான் அதிகம் முறிகின்றன என்றார்.

திரும்பும் வழியில் பையன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். மெம்ஃபிஸுக்கு வடக்கே மீமன்-ஷெல்பி காட்டுப் பூங்காவுக்குள் பாப்லர் ட்ரீ என்றொரு ஏரி இருக்கிறது. நண்பன் காரில் வகுப்பு முடிந்து போய், இருட்டுவதற்குள் வந்துவிடலாம். படகும் இல்லாமல் கரையிலிருந்தே 10 அடிக் கழி எட்டும். "மாமா, ஏப்ரல் முடியறதுக்குள்ள மீன் ஆழத்துக்குப் போயிடுமா?" என்று கேட்டான். மே மாதம் பாதி வரை ஓரத்தில் கொஞ்சம் இருக்கும், வெயில் ஏறினால் விடியற்காலையில் போ என்றேன். டயர்ஸ்பர்க்கில் பெட்ரோல் போட நிறுத்தியபோது, அவன் மிச்சமிருந்த சில்லறையை எண்ணி, இன்னும் இரண்டு ஜிக் வாங்கிக்கொண்டான்.